சுக்குவின் காதும் மாட்டாஸ்பத்திரி டாக்டரும்

போன வாரம் நம் சந்துக்காரர்களின் போன் குழுவில் நம்மில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். பேரன் வளர்க்கிற நாய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பாவமாக உட்கார்ந்திருந்தது. "காதில் திரும்பத் திரும்பச் சீழ் வைக்கிறது. டாக்டர் சொல்வது சரியாகப் படவில்லை. என்ன செய்யலாம்?" என்று கீழே எழுதியிருந்தாள். அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் வேப்பெண்ணெய், மஞ்சள், பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், நீலகிரித் தைலம் என்று ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழுந்தது. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. மூட்டு தேய்ந்துவிட்டது, ஞாபகம் தேய்ந்துவிட்டது, வைத்தியம் சொல்லும் ஆசை மட்டும் தேயவே இல்லை.

நான் ஒன்றும் எழுதவில்லை. ஆரம்பித்தால் நீளும் என்று எனக்கே தெரியும். இதோ, நீளமாகவே எழுதுகிறேன். இந்தக் குற்றத்தில் உங்கள் எல்லோருக்கும் பங்கு இருப்பதால் பொறுமையாகப் படிப்பது உங்கள் கடமை.

சுக்குவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பின்னால் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா குன்னூரில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் குமாஸ்தா. சாம்பிள் வாங்க கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனவர், தேயிலைப் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டியோடு திரும்பி வந்தார். அங்கிருந்த மானேஜர் மாற்றலாகிப் போகிறாராம், குட்டிகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். தாய் சீமை ஜாதி, தகப்பன் யாரென்று தாய்க்கே நிச்சயமில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த தூளில் புரண்டு, தும்மித் தும்மி வெளியே வந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் சுருக்கம், கன்னத்தைத் தாண்டித் தொங்கும் இரண்டு காதுகள்.

"சுக்காட்டம் இருக்குது. காதப் பாரு, மொறத்தாட்டம்" என்றாள் அம்மா. அப்படித்தான் சுக்கு என்று பெயர் வந்தது.

அம்மா கோயமுத்தூர்ப் பக்கம். நாயை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முதல் நாள் சட்டம் போட்டாள். இரண்டாம் நாள் குளிரைப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசல் வரை வரலாம் என்று திருத்தினாள். ஒரு வாரத்தில், துணி காய வைக்கக் கரியடுப்பின்மேல் கவிழ்க்கிற மூங்கில் கூடைக்குப் பக்கத்தில் அதற்குச் சாக்கு விரித்துக் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் கூடை இப்போது யார் வீட்டிலாவது இருக்கிறதா? பள்ளிக்கூடச் சீருடையில் கரிப்புகை வாசம் அடிக்காத ஒருத்தரும் நம் வகுப்பில் கிடையாது.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், மழை பிடித்ததும் சுக்குவுக்குக் காது வந்தது. காது வந்தது என்றுதான் நாங்கள் சொல்வோம், காய்ச்சல் வந்தது என்பதுபோல. விடியும்போதே படபடவென்று காதை உதறும் சத்தம். தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றும். கிட்டே போனால் புளித்த மாவும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாடை. இடது காதுக்குள் பார்த்தால் பழுப்பாக மெழுகுபோல அப்பியிருந்தது, அதைத் தொட்டால் பாவம், ஈனக்குரலில் முனகும்.

அம்மா முதலில் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். கேட்கவில்லை. பிறகு நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு. நம் ஊரில் தைலம் படாத இடம் உண்டா? சளிக்குத் தைலம், தலைவலிக்குத் தைலம், மூட்டைப்பூச்சிக்குத் தைலம், பரீட்சை பயத்துக்கும் கைக்குட்டையில் தைலம். சுக்கு வீட்டை மூன்று சுற்று சுற்றி, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் கால்நடை மருத்துவமனை என்றாலும் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்து பசு, ஒரு ஆடு. சுக்கு எல்லாப் பசுவையும் பார்த்து வாலாட்டியது. டாக்டர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர். மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். அந்த மூக்கை அவர் சுக்குவின் காதுக்குள்ளேயே வைத்து முகர்ந்தார். எனக்கு அப்போதே அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"காதுக்குள்ள என்னம்மா ஊத்துனீங்க?"

"ஒண்ணும் ஊத்தலீங்க" என்றாள் அம்மா.

"தைல வாசம் என் மூக்கைத் துளைக்குது. ஒண்ணும் ஊத்தலைங்கிறீங்க."

"அது மருந்துங்க, டாக்டரய்யா. மருந்து போட்டா ஊத்துனதாகுமுங்களா?"

டாக்டர் சுக்குவின் காதை விரித்துக் காட்டினார். நாயின் காது நம் காதுபோல நேராகப் போகாது, கிணறுபோல இறங்கி அடியில் திரும்பும், உள்ளே போனது எதுவும் லேசில் வெளியே வராது, இனி ஒரு சொட்டு எண்ணெய் போகக் கூடாது என்று சொன்னார். இன்றைக்கு யோசித்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்றைக்கு அம்மாவுக்கு, தன் வைத்தியத்தைப் பழித்தவர் என்பதுதான் மனதில் நின்றது.

பிறகு கேட்டார்: "சாப்பாடு என்ன குடுக்கிறீங்க?"

"காலைல பாலுஞ்சோறுங்க, பொழுதோட ரசஞ்சோறுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

அம்மா பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். நானும் பொய் சொல்லவில்லை.

டாக்டர் கொடுத்தது ஒரு ஊதா மருந்து. கண்ணாடிக் குப்பி, அதற்கொரு ரப்பர் தலை வைத்த சொட்டான். அப்பா நாயின் வாயைப் பிடிக்க, அம்மா காதைத் தூக்க, நான் சொட்டு விட வேண்டும். விட்டதும் சுக்கு தலையை உதறும். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் சுவரில் ஊதாப் புள்ளி, அம்மா முந்தானையில் ஊதாப் புள்ளி. அப்பாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்த புள்ளியைப் பார்த்து ஏலக் கம்பெனியில், வீட்டில் மை தயாரிக்கிறீர்களா என்று கேட்டார்களாம்.

பத்து நாளில் காது ஆறும். நாங்கள் சந்தோஷப்படுவோம். மூன்றாவது வாரம் விடியற்காலையில் படபடவென்று சத்தம் கேட்கும். மறுபடி மாட்டாஸ்பத்திரி, மறுபடி ஊதா. நான்காவது முறை போனபோது டாக்டருக்கும் சலித்துவிட்டது.

"ஈரம்தாம்மா காரணம். இந்த ஊர்ல என் சட்டையே ஆறு நாளாக் காயல. இது தொங்கு காது, காத்தே புகாது. இதைக் கீழ வெயில் ஊருக்கு அனுப்பிடுங்க. இல்லாட்டி காதை அறுத்துத் திறக்கணும், அதுக்கு மெட்ராஸ் போகணும்."

அம்மா விடவில்லை. "ஈரம்னா, வலது காதும் இதே ஊர்லதானுங்களே இருக்குது? அது நல்லாத்தானுங்களே இருக்குது?"

டாக்டர் மப்ளரை இறுக்கிக்கொண்டு, "அதுக்கும் வரும்" என்றார். அடுத்த வாரமே வந்தது. அம்மாவுக்கு நாயின்மேல் கோபமா டாக்டர்மேல் கோபமா என்று தெரியவில்லை.  அனுப்பிடுங்க என்று டாக்டர் சொன்னதை அப்பா அன்றே வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார் என்பதை நான் பார்த்தேன்.

கடைசியில் அனுப்பத்தான் செய்தார்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் வேலை பார்த்தார். எமரால்டு கிராமத்துப் பக்கம் கிழங்கு ஏற்ற வாரம் ஒருமுறை லாரியோடு மேலே வருவார். ஒரு திங்கட்கிழமை திரும்பும்போது லாரியின் முன்சீட்டில் சுக்குவை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நான் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்பினால் எனக்கு வருத்தம் குறையும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். எந்தக் குழந்தைக்கும் அப்படிக் குறைந்ததில்லை. நான் சுக்குவின் சாக்கை மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மாமா கார்டு போட்டார். "சுக்கு நலம். காது நலம். இங்கே வெயில் நன்றாக உள்ளது." அடுத்த கார்டும் அதே. அப்பா அதை மாட்டாஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, தனக்கே உடம்பு தேறியதுபோல முகம் மலர்ந்தாராம். "நான்தான் சொன்னேனே" என்றாராம். அதைக் கேட்ட அன்று எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

அம்மாதான் தாங்காமல் திருப்பி அழைத்தாள். "ஆறிப்போச்சல்ல? கொண்டுட்டு வா, தம்பி. இந்தப் புள்ள சோறே திங்கறதில்ல" என்று எழுதச் சொன்னாள். நான் சோறு தின்னத்தான் செய்தேன். அவளுக்குத்தான் காலில் ஏதோ இடறாமல் சமைக்க வரவில்லை. டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் லாரி வந்தது, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முகப்பெல்லாம் சந்தனம் பூசி. முன்சீட்டில் சுக்கு. அதன் நெற்றியிலும் சந்தனப் பொட்டு.

"என்னடா குடுத்தே இதுக்கு? இப்பிடி மினுமினுங்குது?" என்று கேட்டாள் அம்மா.

"என்னத்தக்கா குடுக்கறது? சோறு, எலும்பு கெடச்சா எலும்பு" என்றார் மாமா.

அன்று நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நினைவிருக்கிறதா? நம் சந்தே திரண்டு வந்து அதைக் கொஞ்சியது. ஆளுக்கொன்று வாயில் கொடுத்தீர்கள். என்ன கொடுத்தீர்கள் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

மூன்று வாரம். மறுபடி படபட. இரண்டு காதிலும்.

இப்போது அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அவள் வெள்ளிதோறும் ஒருபொழுது இருப்பாள். பகல் முழுக்கச் சோறு, பலகாரம், பழம் எதுவும் தொட மாட்டாள். ஆனால் நாலு மணிக்கு வர்க்கிக்காரர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நம் சந்தில் இறங்குவார். பெட்டியைத் திறந்தால் அடுப்புச் சூடு இன்னும் உள்ளேயே இருக்கும். மடிப்பு மடிப்பாக, தொட்டால் மேல்தோல் உதிர்கிற வர்க்கி. அம்மா ஒரு டம்ளர் டீ போட்டு, இரண்டு வர்க்கியை நனைத்துத் தின்பாள். ஒருபொழுது கெட்டுவிட்டதாக அவளும் நினைத்ததில்லை, ஊரில் எவரும் நினைத்ததில்லை. வர்க்கி மைதாவில் செய்ததுதான், வயிற்றை நிறைக்கத்தான் செய்யும். ஆனாலும் அது சாப்பாட்டில் சேராது, டீயில் சேர்ந்தது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், நாலு வர்க்கி தின்றவர்கூட "இல்லீங்க, டீதான் குடிச்சேன்" என்பார். இதைச் சமவெளிக்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து வர்க்கியைக் கடித்தாள். சுக்கு எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவள் கையையே பார்த்தது. எப்போதும்போல மற்ற பாதியை நனைத்து அதன் முன் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. வாயில் இருந்ததை மெல்லாமல் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்முணி, மேட்டுப்பாளையத்துல மாமா ஊட்டுல சாயங்காலம் டீக்கு என்ன திம்பாங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் டீதான்."

அம்மா வர்க்கியைத் தட்டில் வைத்தாள். அன்றைக்கு அவள் ஒருபொழுது உண்மையாகவே ஒருபொழுதாக முடிந்தது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரியில் அவள் அதைச் சொன்னபோது, டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"வர்க்கி தின்னா காதுல சீழ் வருமா? அப்ப குன்னூர்ல எல்லாருக்கும்ல வரணும்? ஏம்மா, நான் படிச்சுட்டு வந்திருக்கேன்."

"படிச்சவிகதான் ஈரம்னீங்க. ஈரம்னா எங்க எல்லாத்துக்கும் காது வந்திருக்கோணுமுங்களே?"

"அங்க போனா ஆறுது, இங்க வந்தா வருது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

"அதேதானுங்க நானும் சொல்றேன்!"

வரிசையில் நின்ற பசுக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டர், சரி, ஒரு மாதம் வர்க்கியை நிறுத்திப் பாருங்கள், ஆறவில்லையென்றால் மறுபேச்சில்லாமல் கீழே அனுப்பிவிடுங்கள், இந்தச் சீவனை இப்படி வதைக்க எனக்கு மனசில்லை என்றார். அம்மா ஒப்புக்கொண்டாள். அந்தத் தடவை அனுப்பினால் திரும்பி வருவதற்கில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவிடமும் சொல்லியாயிற்று. அவர் சந்தோஷமாக ஒரு மரக்கூண்டு செய்யச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா உத்தரவு போட்டாள். "நாயிக்கு வர்க்கி கெடையாது. ஒரு துணுக்குக்கூடக் கெடையாது. நெனப்புல இருக்கட்டும்."

இனி சொல்வதை அம்மா இருந்தவரை நூறு முறையாவது சொல்லி என்னைக் கேலி செய்திருப்பாள். நான் கொடுத்தேன். நாலு மணிக்கு வர்க்கிக்காரர் வருவார். நம் எல்லோருக்கும் உடைந்த வர்க்கியைச் சும்மா தருவார் இல்லையா, அதில் எனக்குக் கிடைத்ததில் பாதியை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று சுக்குவுக்குக் கொடுப்பேன். அம்மா சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பவும் செய்தேன். ஆனால் பாதி வர்க்கி என்ன செய்துவிடும்? அது தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது கையை எப்படி மடக்குவது? முதல் வாரம் அப்படித்தான் போயிற்று. இரண்டாவது வாரம் காது இன்னும் வீங்கியது. நிறுத்தியிருக்கலாம். ஆனால், எப்படியும் இதை அனுப்பத்தான் போகிறார்கள், போகிறவரை சந்தோஷமாகத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று என் மனம் திரும்பிக்கொண்டது. அழுதுகொண்டே கொடுத்தேன். நான் கொடுப்பதால்தான் அது போகப்போகிறது என்பது ஒன்பது வயசு மண்டைக்கு நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மாதம் முடிந்த சனிக்கிழமை. மறுநாள் மாமா வருகிறார். அம்மா வெந்நீர் வைத்துச் சுக்குவைக் குளிப்பாட்டினாள், காதில் நீர் போகாமல் பஞ்சு அடைத்து. துவட்டிக் கரியடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சாக்கை உதறி மடித்தாள். மடித்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"டாக்டரு சொன்னதுதே நெசம்போல. நாந்தே வீம்புக்கு இத்தன நாளு அந்த வாயில்லாத சீவன வலிக்கப் போட்டுட்டேன்."

அம்மாவின் கண்ணில் நீர். அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டரிடம் அப்படி வாதாடியவள், சந்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், தான் செய்யாத தப்புக்கு மடித்த சாக்கை மார்போடு வைத்துக்கொண்டு நிற்கிறாள். 

"அம்மா, நான் குடுத்தேன்."

"என்னத்த?"

"வர்க்கி. தெனமும். கொட்டாய்க்குப் பின்னால."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நெசமாவா? தெனமுமா? ஒரு நாளுகூட உடாமயா?"

"ஆமாம்மா."

"அட என்ற சாமி! அப்ப நா நிறுத்தவே இல்லியே! ஏனுங்க! ஏனுங்க! இங்க வாங்க! இந்தப் புள்ள தெனமும் வர்க்கி குடுத்திருக்குதுங்க!"

பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளையைக் காட்டுவதுபோல அப்பாவிடம் என்னைக் காட்டினாள். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நானும் ரண்டு மூணு தடவை... ஆபீஸ்ல டீக்கு வாங்குனது மிச்சமிருந்துச்சு. அது கேட்டுச்சு. அதான்."

"நீங்களுமா!" என்று அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்தான் பார்த்தேன். சிரித்த வேகத்தில் சந்தில் இறங்கினாள். மீதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று, "என்ற நாயிக்கு யாரு யாரு வர்க்கி குடுத்தீங்க? நெசத்தச் சொல்லுங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கேட்டாள். மேல்வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். தையல்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். வர்க்கிக்காரரே, தினமும் பெட்டியைத் திறந்ததும் முதல் வர்க்கி அதற்குத்தான், அதுதான் ராசி என்றார். ஒவ்வொருத்தர் ஒப்புக்கொள்ளும்போதும் அம்மாவின் முகம் இன்னும் இன்னும் மலர்ந்தது. நீங்களும் வரிசையாக வந்து சொன்னீர்கள். அன்று வாயைத் திறக்காத இரண்டு பேர் இப்போதும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், நிம்மதியாக இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா புதுக் கயிற்றோடு வந்தார். அம்மா அவருக்கு இலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றினாள். "சாப்புட்டுட்டு கெளம்பு, தம்பி. நாயி வரல" என்றாள். கூண்டு செய்தாகிவிட்டதே என்று மாமா முணுமுணுத்தார். அந்தக் கூண்டில் பிறகு கோழி வளர்த்தார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு நம் சந்து கட்டுப்பட்டது. நாலு மணிக்குச் சுக்குவுக்குக் கேரட் துண்டு கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. முதல் பத்து நாள் அது கேரட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தின்னப் பழகிக்கொண்டது. டாக்டரிடம் இன்னும் கொஞ்ச நாள் ஊதா மருந்தும் வாங்கிப் போட்டோம். அம்மா அதை மறுக்கவில்லை, சீழ் ஆற மருந்தும் வேண்டும் என்று ஒத்துக்கொண்டாள். விடியற்காலைச் சத்தம் குறைந்தது. ஒரு நாள் சத்தம் கேட்கவில்லையே என்று பயந்து எழுந்து பார்த்தேன். சுக்கு காதை விரித்துப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பனி விழத் தொடங்கி, பிறகு பனியும் முடிகிற சமயம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் டார்ச் அடித்து இரண்டு காதையும் பார்த்தார். மூக்கை வைத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"நான் அன்னைக்கே கேட்டேனேம்மா, வேற என்ன குடுக்கிறீங்கன்னு?"

"கேட்டீங்க. சாப்பாடு என்னன்னுதானுங்களே கேட்டீங்க? வர்க்கி எங்கூர்ல சாப்பாடு இல்லீங்களே."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். பிறகு சிரித்தார், மப்ளர் நழுவுகிற அளவுக்கு. இந்த ஊர்க்காரர்களிடம் கேள்வி கேட்கத் தனியாக ஒரு படிப்பு படிக்க வேண்டும் என்றார். இப்போது என் மகள் வீட்டு நாய்க்குப் பார்க்கிற பெண் டாக்டர், மூன்றாவது கேள்வியாகவே "பிஸ்கட், ரொட்டி, டீ, பக்கத்து வீட்டில் கொடுப்பது எல்லாம் சொல்லுங்க" என்கிறாள். ஒத்துக்கொள்ளாத தீனி சில நாய்களுக்குக் காதில்தான் காட்டுமாம். நமக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலமும், ஒரு சந்தும், என் அம்மாவின் வாயும் தேவைப்பட்டன.

அடுத்து வந்த கோடையில் டாக்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் எழுதிப் போட்டுக் காத்திருந்த இடம்தான், சொந்த ஊர்ப் பக்கம். குடும்பம் அங்கேயும் அவர் இங்கேயுமாகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தாராம். எங்களுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சொல்லிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில், மப்ளர் இல்லை. அவருக்குக் கழுத்து இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அம்மா டீயும் வர்க்கியும் வைத்தாள். சுக்கு அவர் முழங்காலில் முகத்தை வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவர் வர்க்கியைக் கையில் எடுத்து, நாயைப் பார்த்து, முழுவதையும் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

"வெயிலூருக்குப் போக வேண்டியவன் நான்தாம்மா. மருந்துச் சீட்டை மாத்தி இதுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

அம்மா இன்னொரு வர்க்கியை அவர் தட்டில் வைத்தாள்.

போகும்போது குனிந்து சுக்குவின் இடது காதைத் தூக்கி, ஒரு முறை முகர்ந்து, மெல்ல விட்டார். "நீ இங்கயே இருடா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் சந்து திரும்பி மறைகிறவரை நான் கையாட்டினேன். சுக்கு என் கால்மேல் உட்கார்ந்துகொண்டது. அது எவ்வளவு கனமாகிவிட்டது என்று அன்றுதான் தெரிந்தது. கால் மரத்துப்போன பிறகும் நான் அசையவில்லை.